ஆராய்ச்சி மணியும் அயல்நாட்டுக் கருமமும்

சென்ற தவணையிலே ஒரு நாள், அட்டன் நகர்க்கு அணித்தாகவுள்ள தோட்டப் பாடசாலையொன்றில், ஏழாந் தரத்து மாணாக்கர்க்கு மனுநீதிகண்ட சோழர் சரிதத்தை எடுத்துரைத்துக்கொண்டிருந்தோம். கன்றையிழந்த பசு அரண்மனை வாயிலை அடைந்து கோட்டினால் மணியை அசைத்த இடத்தைச் சொல்லிச் சற்று நிறுத்தியபோது, பின்வரிசையிலிருந்த மாணாக்கி ஒருத்தி எழுந்து, "சேர், பசுவுக்குக்கூட மணி எட்டியது. எங்கள் தாத்தாவின் தம்பியைக் கப்பலேற்றினபோது அவருக்கு எட்டுகிற மணி ஒன்றும் இருக்கவில்லையா?" என்று வினவினாள். அன்று யாம் விடை கூறாது பாடத்தை முடித்துக்கொண்டோம். விடை தெரியாமையாலன்று, தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்பது தெரியாமையால். அவ்விடையை ஈண்டு, நம்போற் கற்பிக்குந் தொழிலினராகிய அன்பர்கள் முன்னிலையில், இயன்றமட்டும் ஆராயப் புகுகின்றோம்.

அரசானது தன் குடிகளிடத்துச் செய்யுங் கருமங்கட்கு அக்குடிகளுக்கே விடை கூறக் கடவது என்பதை இக்காலத்தில் யாவரும் ஒப்புவர். வரி கூடினாலும் பாதை உடைந்தாலும் கேட்பாருண்டு. அயலரசோடு கூடிச் செய்யுங் கருமமோ வேறென்பர். அது கதவடைத்த அறையில் நிகழ்வது. அதனால் நலிவெய்துவோர் பெரும்பாலும் வாக்கில்லாதோர், அல்லது மறுகரையிலிருப்போர். கரை கடந்து வந்தாரைத் தடுத்து வைத்தலும், கரை கடத்திப் படைக்கலம் ஈதலும் ஆகிய இரண்டும் இவ்வகையைச் சார்ந்தன. இவற்றிற்கு அரசு யாருக்கு விடை கூறுவது? வாக்களித்தார்க்கு மட்டுமோ, அல்லது அக்கருமத்தால் வாழ்வு மாறினார் அனைவர்க்குமோ? வினா இதுவே.

மலையகத்தார்க்கு இது நூலிற் படித்தறிய வேண்டிய வினாவன்று. நம் முன்னோர் இந்நாட்டிற்கு வந்த வழியிலேயே ஒரு தடுப்பு முகாம் இருந்தது. இராமேசுவரத்திற்கு அணித்தாக மண்டபத்திலே, இந்திய மண்ணில், இலங்கை அரசினர் நடத்திய முகாம் அது. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்க் கப்பலும் அமைந்த பின்னர்த் தோட்டங்கட்கு வந்த கூலியாட்கள் அவ்வழியே வந்தனர். நோய்த் தடுப்பென்னும் பெயரால் அவர்கள் அங்கே சில நாள் அடைத்து வைக்கப்பட்டு, குளிப்பாட்டி, அம்மை குத்தி, உடைகள் ஆவியிலிட்டு எடுக்கப்பட்ட பின்னரே கப்பலேறினர். நோய் பரவாது காத்தல் அரசின் கடமையேயென்பதை யாம் மறுக்கவில்லை. ஆனால் அம்முகாமில் நிற்கும் ஒருவன் எவ்வரசின் பொறுப்பில் நிற்கின்றான் என்பதற்கு அன்றே தெளிவான விடையில்லை. மண் ஒருவருடையது, காவல் மற்றொருவருடையது, கூலி கொடுப்பவரோ மூன்றாமவர். மக்கள் மூவர் கையிலும் இருந்தனர். ஒருவர் கணக்கிலும் இருந்திலர்.

1939ஆம் ஆண்டு ஆவணித் திங்களுக்குச் சற்று முன்னர், இலங்கை அரசினர் தம் பகுதிகளில் வேலை செய்த இந்தியத் தினக்கூலியாட்களை விலக்கியதன் பின், இந்திய அரசினர் கூலியாட்கள் கடல் கடந்து வருவதை நிறுத்தினர். அவ்வாண்டே இலங்கை இந்தியக் காங்கிரசு தோன்றிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்காங்கிரசார் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். மலையகத்தார் கையில் அன்று ஒரு கயிறு இருந்தது. இழுத்தால் ஓசை கேட்கும். மறு ஆண்டே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பிறந்தது. அதற்கடுத்த ஆண்டில், அதாவது 1949இல், 48ஆம் இலக்கத் தேர்தற் திருத்தச் சட்டம் பிரசையல்லாதார்க்கு வாக்கில்லையென்றது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் இந்தியத் தமிழர் பிரதிநிதியாக ஒருவரும் தெரிவாகவில்லை. அதே ஆண்டில் நடந்த சத்தியாக்கிரகமும் சட்டத்தை அசைத்திலது.

இவ்வொழுங்கை அன்பர்கள் உற்று நோக்குதல் வேண்டும். முதலில் மணி கழற்றப்பட்டது. வழக்கு அதன் பின்னரே எடுக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டு நேரு அவர்களும் கொத்தலாவலை அவர்களும் செய்த உடன்பாடும், 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் கைச்சாத்திட்ட உடன்பாடும், மலையகத்தார் வாக்கிழந்த காலத்தில் அவர்களைக் குறித்துச் செய்யப்பட்டவை. அவர்கள் தலைவர் ஒருவர் 1960 முதல் பாராளுமன்றத்தில் இருந்தாரெனின், அஃது அரசின் நியமனத்தால் இருந்த இருக்கையாம். உடன்பாடு எழுதப்பட்ட மேசையருகே அவர்க்கும் இடமில்லை.

1964ஆம் ஆண்டின் கணக்கு யாவரும் அறிந்ததே. 975,000 பேர், அவருள் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்வது. பத்தாண்டின் பின், 1974இல், அவ்வெச்சமும் கரைக்கு 75,000ஆகச் சரிபாதியாயிற்று. இங்கே நாம் தடையுற்று நின்று கேட்க வேண்டியது யாதெனின், எண் முன்னே வந்ததோ விருப்பம் முன்னே வந்ததோ என்பது. எண்ணே முன்னே வந்தது. எவரெவர் எக்கரையை விரும்புகின்றனர் என்று கேட்கு முன்னரே எக்கரைக்கு எத்தனை பேர் என்பது முடிந்துவிட்டது. பின்னர் மனுக் கோரப்பட்டபோது, இந்தியப் பிரசாவுரிமை வேண்டினோர் தொகை உடன்பாட்டில் எழுதிய தொகையை எட்டாமலும், இந்நாட்டிலேயே இருக்க வேண்டினோர் தொகை இந்நாடு ஏற்ற தொகையினும் மிக்கும் நின்றது. மக்கள் மனம் எழுதிய கணக்கும் மந்திரிகள் எழுதிய கணக்கும் ஒன்றோடொன்று ஒவ்வாவாயின.

மக்களை எண்ணுதலே பிழையென்பது எமது கருத்தன்று. குடிமதிப்பும் எண்ணுகின்றது, பாடசாலை வரவு இடாப்பும் எண்ணுகின்றது. ஊட்டுதற்கு எண்ணுதல் வேறு, பங்கிடுதற்கு எண்ணுதல் வேறு. தோட்டத்திலே மாலையில் கொழுந்து நிறுக்குங் காட்சியை அன்பர்கள் நாடோறுங் காண்கின்றீர்கள். கூடைக்கென்றும் ஈரத்திற்கென்றும் சில கழிவுகள் போவதும், அதனாற் சச்சரவு விளைவதும் உண்டு. ஆயினும் கொழுந்து பறித்தவள் தராசின் அருகே நிற்கின்றாள். முள் எங்கே நிற்கின்றதென்று கண்ணாற் காண்கின்றாள். குறைந்தால் வாய்விட்டுக் கேட்கின்றாள். புதுடில்லியில் அத்தராசு தூக்கப்பட்டபோது அருகே நின்றவர் ஒருவருமிலர். நிறுக்கப்பட்டதோ கொழுந்தன்று.

இனி, இதனை நியாயப்படுத்துவார் கூறுவனவற்றுட் சிலவற்றை நோக்குவாம். "இரு நாட்டாரும் நன்மை கருதியே செய்தனர், நெடுநாட் பிணக்கொன்றைத் தீர்க்க வேறு வழி யாது?" என்பர். இருக்கலாம். கெட்ட எண்ணத்தோடு செய்தாரென்று யாம் கூறோம். மேலும், ஒப்பந்தம் யாதுமின்றியிருந்த காலத்து நிலை அதனினும் இழிந்தது. இலங்கை அரசினர் தம் பிரசையல்லாதார் யாவரும் இந்தியரென்றனர். இந்திய அரசினரோ தம் அரசியலமைப்பின் 8ஆம் பிரிவின்கீழ்ப் பதிந்தாரே இந்தியரென்றும் மற்றையோர் நாடற்றவரென்றும் கூறினர். இருவர் கூற்றும் சட்டத்திற்குப் பொருந்துவதே. இருவர் கூற்றையும் ஒருங்கு வைத்தால், பல இலட்சம் மாந்தர் இவ்வுலகில் எவ்வரசும் விடை கூறவேண்டாதவராய் முடிகின்றனர். பொறுப்பை இருவர் பகிர்ந்தால் அது பாதியாகக் குறையுமென்று எண்ணுகின்றோம். இங்கே முழுதும் மறைந்துபோயிற்று.

நன்மை கருதிச் செய்தலைப் பற்றிச் சோழர் சரிதமே ஒன்று கூறுகின்றது. பசுங்கன்று தேர்க்காலில் அகப்பட்டது இளவரசன் வேண்டுமென்று செய்ததன்று. தேர் விரைவில் அது தானே வந்து வீழ்ந்தது. அமைச்சர் அதனை எடுத்துரைத்து, நூலோர் விதித்த கழுவாய் செய்தால் அமையுமென்றனர். அரசன் அதனை ஏற்றிலன். பிறனொருவன் இக்கொலை செய்திருப்பின் இவ்வாறே தீர்ப்பேனோ என்பதே அவன் கொண்ட ஐயம். தன் வீட்டு வழக்கிற்கு ஒரு நீதியும் பிறர் வழக்கிற்கு வேறொரு நீதியும் கூடாதென்றான். நம் மாணாக்கர் மகனைத் தேர்க்காலிலிட்டதையே வியக்கின்றனர். யாமும் இளமையில் அதனையே வியந்தோம். இப்போது எமக்கு வியப்பாயிருப்பது அதற்கு முன்னிகழ்ந்தது. வாயிலில் நின்றது குடியன்று, வரி கொடுப்பதன்று, மொழி பேசுவதன்று. இது நம் பிரசையோ என்று அவன் கேட்டிலன். அதற்கு எட்டும் உயரத்தில் மணி தொங்கிற்று, அவ்வளவே. பசுவென்னுஞ் சொற்கு நம் சாத்திரங் கொண்ட பொருளை ஆசிரியர்க்கு எடுத்துரைத்தல் மிகையாகும்.

மற்றொரு சாரார், "அயல்நாட்டுக் கருமத்தில் மறை காத்தல் இன்றியமையாதது, யாவற்றையுஞ் சந்தியில் வைத்துச் செய்தல் இயலாது" என்பர். இது வலியுடைய கூற்று. ஆதலின் இதனைச் சிறிது விரித்தாராய்தல் தகும். இதற்கேற்ற எடுத்துக்காட்டுப் படைக்கலச் செய்தியே.

1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின், இந்திய அரசின் மறைவான பகுதியினர் இலங்கைத் தமிழ் இளைஞர் இயக்கங்கட்கு இந்திய மண்ணிற் போர்ப்பயிற்சியும் படைக்கலமும் அளித்தனர். அக்காலத்தில் அரசினர் இதனை மறுத்தே வந்தனர். பாராளுமன்றத்திற் பொருள் கேட்டு, விவாதித்து, ஒப்பம் பெற்றுச் செய்த செயலன்று இது. துன்புற்றார்க்கு உதவியென்று அதனைப் போற்றினோர் பலர். அவர் உள்ளத்தை யாம் இகழோம். ஆனால் அக்கலங்கள் யார் யார் கையிற் சென்று, யார் யாரைக் கொன்றன என்பதை நாடறியும். எதிரியை நோக்கிய அளவில் அவை ஒரே தமிழரை நோக்கியுந் திரும்பின. இலங்கை அரசினர் தாமும் இதில் விலகி நின்றாரல்லர். 1989ஆம் ஆண்டில், இந்தியப் படை இத்தீவில் நின்ற காலத்திலே, தாம் முன்னர்ப் பொருத அவ்வியக்கத்திற்கே கொழும்பிலிருந்து படைக்கலம் போயிற்று. 1990இல் அவ்வரசும் அவ்வியக்கமும் மீளப் பொருதபோது, தாம் கொடுத்ததை எதிர்கொண்டு மடிந்தோர் ஏழைச் சிப்பாய்கள். கொடுக்கும்படி கட்டளையிட்டார் எத்தேர்தலிலும் இதற்கு விடை சொல்லி வாக்குக் கேட்டிலர்.

இப்போது மறை காத்தலைப் பற்றி. கருமஞ் செய்யுமுன் மறைத்தலும், செய்து முடிந்த பின் கணக்கை மறைத்தலும் ஒன்றல்ல. படை எந்நாள் புறப்படுமென்பதை முன்னரே அறிவித்தல் பேதைமை. அதனை மறைத்த மந்திரியை எவருங் குறை கூறார். ஆனால் புறப்பட்டுப் போய், கொன்று, மீண்ட பின்னும் போகவேயில்லை என்பது மறைகாப்பன்று, பொய். முன்னது நாட்டைக் காப்பது. பின்னது மந்திரியைக் காப்பது. மறைகாப்பு என்னும் பெயர் இரண்டிற்கும் வழங்குவதால் வருங் குழப்பமே பெரிது. ஒரு காலவெல்லையின் பின் விடை கூறுவேன் என்னும் உறுதியோடு மறைக்கும் அரசு, கடனாக மறைக்கின்றது. அவ்வுறுதி இல்லாத அரசு களவாக மறைக்கின்றது.

இந்தியாவில் இவ்விடையின் ஒரு பகுதி ஒரு முறை வெளிவந்தது. 1991ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் இராசீவ் காந்தி அவர்கள் கொலையுண்ட பின் அமைந்த ஜெயின் விசாரணைக் குழு, 1997இல் வெளியான தன் இடைக்கால அறிக்கையில், இயக்கங்கள் இந்திய மண்ணிற் பெற்ற பயிற்சியையும் படைக்கலத்தையும் பற்றிப் பேசிற்று. இத்தீவில் ஆயிரமாயிரம் பேர் மாண்டதனால் அக்குழு அமைந்ததன்று. தம் தலைவர் ஒருவர் மாண்டதனால் அமைந்தது. அவ்வறிக்கை எழுப்பிய பூசலும் எக்கட்சி அமைச்சரவையில் இருக்கலாம் என்பதைப் பற்றியதாயிற்று. அதனால் ஒரு மந்திரிசபையும் வீழ்ந்தது. கொடுத்தது அறமோ என்னும் வினா அப்பூசலில் எங்கோ கீழே கிடந்தது. இது வருந்தத்தக்கதேயன்றி வியக்கத்தக்கதன்று. விடை கூறுமாறு அரசை நெருக்கக்கூடியவர் யாரோ, அவர் கேட்ட வினாவிற்கே அரசு விடை கூறும்.

படைக்கலத்திற்கும் தேயிலைத் தோட்டத்திற்கும் யாது தொடர்பென்று ஐயுறுவார் இருக்கலாம். தொடர்பு நேரானது. தலைமன்னாருக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே ஓடிய கப்பல் போரினால் 1984இல் நின்றது. அதனால் இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் போகவியலாதார் பல்லாயிரவர் லயங்களிலே தங்கினர். ஒரு நாட்டின் பிரசைகளாய் மற்றொரு நாட்டின் கொழுந்தைப் பறித்தனர். 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்த பின், போர்க்களத்தைக் கண்ணாற் காணாத மலைநாட்டு இளைஞரும் தமிழரென்னும் ஒரு காரணம் பற்றிக் கொண்டுபோய் அடைக்கப்பட்டனர். 1987ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள் செய்யப்பட்ட இந்திய இலங்கை உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். 72 மணி நேரத்தில் படைக்கலங்களை ஒப்படைத்தல் வேண்டும் என்பது அதில் ஒரு வாசகம். இலங்கையிலுள்ள இந்தியப் பிரசைகளைத் திருப்பியழைத்தலை, தமிழகத்து அகதிகள் மீளுதலோடு ஒருங்கே, இந்திய அரசு விரைவுபடுத்தும் என்பது மற்றொரு வாசகம். துப்பாக்கி திரும்பக் கொடுக்கப்படுவதும் மனிதர் திரும்பக் கொடுக்கப்படுவதும் ஒரே தாளில், சில வரி இடைவெளியில் உள்ளன. அத்தாளைப் பற்றி எத்தனையோ நூல்கள் எழுந்தன. அந்த ஒரு வரியைப் பற்றி நின்று பேசினார் சிலரே.

போனவர் கதையும் இனிதன்று. 1967ஆம் ஆண்டு நிறைவேற்றுச் சட்டம் 1971இல் திருத்தப்பட்ட பின், இத்தனை பேர் கப்பலேறினாலன்றி இத்தனை பேர்க்கு இந்நாட்டுப் பிரசாவுரிமை இல்லையென்றாயிற்று. ஒரு குடும்பம் போவதே மற்றொரு குடும்பம் இருப்பதற்கு விலையாயிற்று. விசாக் காலங் கடந்தோர் கைதுசெய்யப்பட்டு அனுப்பப்பட்டதும் உண்டு. எம் சிற்றப்பனார் ஒருவர் அக்காலத்தே கோச்சியேறியவர். நிலையத்திலே தகரப் பெட்டியும் அம்மிக்குழவியுங் கொண்டு நின்றதை எம் தாயார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அம்மிக்குழவியை ஏன் கொண்டு போனாரென்று யாம் வினவியபோது, "வேறென்ன இருந்தது கொண்டுபோக?" என்றார். போனவர் இறங்கிய இடம் அதே மண்டபம் முகாம். சிலர் நீலகிரியில் தமிழ்நாட்டு அரசினர் தேயிலைத் தோட்டத்திற் சேர்ந்து, அங்கேயும் கொழுந்தே பறித்து, அங்கே சிலோன்காரர் எனப்பட்டனர். 1983இன் பின் அதே முகாம் போரில் தப்பியோடினார்க்கு அகதி முகாமாயிற்று. பாட்டனைக் கூலியாக வைத்திருந்த இடம், மகனைத் திரும்பினவனாக வைத்திருந்து, பேரனை அகதியாக வைத்திருந்தது. மூன்று தலைமுறைக்கு ஒரே வாயில்; அவ்வாயிலிலும் மணியில்லை.

தமிழ்நாட்டிலே, 1990 தொடங்கி, படைக்கலக் கடத்தல் முதலிய ஐயம் பற்றி இலங்கைத் தமிழரைச் சிறப்பு முகாம்களில் வைத்தனர். வழக்கு முடிந்து பிணை பெற்றவரும் 1946ஆம் ஆண்டு அயல்நாட்டார் சட்டத்தின் ஆணையொன்றால் மீளத் தடுக்கப்பட்டதுண்டு. கடத்தினவன் ஒறுக்கப்படுதல் முறையே. ஆனால் மறைவிற் கலங் கொடுத்த அரசின் மந்திரி ஒருவரும் ஒரு நாளேனும் விசாரணைக் கூண்டில் நின்றிலர் என்பதை இதனோடு வைத்து எண்ணுங்கால், அரசு செய்தால் கொள்கை, குடி செய்தால் கடத்தல் என்னும் வழக்கு நம் மனத்தில் எவ்வளவு ஆழ வேரூன்றியுள்ளது என்பது விளங்கும். மந்திரியை எவரும் ஐயுறுவதுகூட இல்லை.

மணி முற்றிலும் ஒலியாதிருந்ததென்று கூறின் அது பொய்யாம். 1977இல் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து தொண்டமான் அவர்கள் மக்கள் வாக்கால் மீண்டும் பாராளுமன்றம் புகுந்தார். 1986ஆம் ஆண்டு தைப்பொங்கல் நாளிலே தோட்டத் தொழிலாளர் ஒரு பிரார்த்தனை இயக்கந் தொடங்கினர். காலையில் வேலைக்குப் போகாது, கோயில் முற்றங்களிற் கூடி வழிபட்டிருப்பது, அவ்வளவே. அரசினர் இறங்கி வந்து, அவ்வாண்டே 5ஆம் இலக்கச் சட்டத்தால், இந்தியா ஏற்காது எஞ்சிய 94,000 பேர்க்கும் வழி செய்தனர். 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் எஞ்சிய முடிச்சுக்களை அவிழ்த்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் எதிர்ப்பின்றி நிறைவேறிற்று. அரசினர் அறத்தால் இசைந்தனரோ, வடக்கிலே போர் நடக்கும்போது மலையிலும் தீப்பற்றுமோ என்னும் அச்சத்தால் இசைந்தனரோ என்று ஆராய்வார் ஆராய்க. இரண்டுமே கலந்திருந்தன என்பது எம் துணிபு. கலந்திருப்பினும் தாழ்வில்லை, அச்சத்தாற் கொடுத்த உரிமையும் உரிமையே.

ஆனால் 1983ஆம் ஆண்டுக் கலவரத்தாற் கடல் கடந்த மலையகத்தார் பலர்க்கு இச்சட்டங்கள் எளிதில் எட்டவில்லை. இந்திய வம்சாவளியினராய்த் திருச்சிராப்பள்ளிக் கொட்டப்பட்டு முகாமில் நெடுங்காலம் இருந்தவர் 65 பேர் இந்தியப் பிரசாவுரிமை வேண்டி நீதிமன்றம் சென்றனர். 2019ஆம் ஆண்டு சூன் மாதம் மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் அவர் மனுவை அரசு கருதல் வேண்டுமென்று தீர்த்தது. அவ்வாண்டு இறுதியில் இந்தியா இயற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டமோ பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் என்னும் மூன்று நாட்டினின்று வந்தாரையே குறித்தது, இலங்கையைக் குறித்திலது. எண்ணிப் பங்கிட்ட இருவரும் இறந்துபட்டு நெடுநாளாயிற்று. பங்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இவ்வளவும் மாணாக்கியின் வினாவிற்கு விடை. மறுநாள் வகுப்பில் இதனைச் சுருக்கிச் சொன்னோம். அவள் கேட்டுவிட்டு, "இப்போது எங்களுக்கு வாக்கு இருக்கிறதே, சேர். அப்படியென்றால் நாங்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?" என்றாள். இவ்வினாவை யாம் எதிர்பார்த்திலோம்.

2024ஆம் ஆண்டு திசம்பர் மாதத்திலே, மியன்மாரினின்று ஓடிய ரோகிங்கியர் நூற்றுக்கு மேற்பட்டார், பெண்டிரும் குழந்தைகளுமாய், முல்லைத்தீவுக் கரையில் ஒரு தோணியில் அடைந்தனர். அவரும் தம் நாட்டரசால், 1982ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால், பிரசாவுரிமை இழந்தவரே. வலைஞர் அவர்க்குச் சோறும் நீருங் கொடுத்தனர். அரசினர் அவரைப் படைமுகாமொன்றில் வைத்தனர். அச்செய்தி பத்திரிகையில் வந்த காலையில், நம் கடைத்தெருவில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "தோணியிலே வந்தவர்களைத் தோணியிலேயே அனுப்பிவிட வேண்டியதுதானே" என்றார். எமக்கு நன்கு பழக்கமானவர், நல்லவர். அவருடைய பாட்டனார் மண்டபத்தில் அம்மை குத்திய தழும்பைக் கையில் உடையவராயிருந்தவர். யாம் அன்று அவரிடம் ஒன்றுங் கூறாது தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தோம்.